சும்மா இருக்கும் நான்கு மோட்டார்கள்

உடுமலைக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் நின்றிருந்தோம். தோப்புக்காரர் எழுபதைத் தாண்டியவர். நிலத்தை அளவெடுக்கும் எங்கள் டிரோன் அவருடைய களத்திலிருந்து நேராக மேலே எழும்பி, முப்பது மீட்டர் உயரத்தில் கொஞ்சம் நின்று, மூக்கில் இருக்கும் மோட்டார் சீறிக் கிளம்பியதும் விமானமாக மாறி மேற்கே போனது. இறக்கைக்கு முன்னும் பின்னும் இருந்த நான்கு புரொப்பல்லர்களும் சுற்றுவதை நிறுத்திக்கொண்டன. இதை முதல் தடவை பார்ப்பவர்கள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். அவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அது புள்ளியாகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஏந் தம்பி, மேல போனதுக்கப்புறம் அந்த நாலு காத்தாடியும் சும்மாதான இருக்குது? அதையெதுக்குச் சொமந்துட்டுப் போகோணும்?” என்று கேட்டார். “கீழ எறங்கறதுக்கு வேணுமுங்க ஐயா” என்றேன். “ரெண்டு நிமிசம் எறங்கறதுக்கு ஒரு மணி நேரம் சொமக்கறதா?” என்றார்.

அன்றைக்கு வேலை நல்லபடியாக முடிந்தது. ஆனால் கோவைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. அது எனக்குப் புதிய கேள்வி இல்லை என்பதுதான் காரணம். செங்குத்தாக ஏறி இறங்கும் டிரோனை எங்கள் பட்டறையில் ‘வீடால்’ என்போம். அதை வடிவமைக்க உட்கார்ந்த முதல் மாதமே எனக்குள் எழுந்த கேள்வி அது. நேரம் இல்லை, முதலில் ஒன்று பறக்கட்டும் என்று அமுக்கி வைத்திருந்தேன். அவர் ஒரே பார்வையில் அதைத் தோண்டி எடுத்துவிட்டார்.

எடைக் கணக்கு

எங்களுடையது குவாட்பிளேன் வகை. 2.1 மீட்டர் இறக்கை, மொத்த எடை 6.2 கிலோ. இறக்கைக்குக் குறுக்கே இரண்டு கார்பன் குழாய்கள், அவற்றின் நுனிகளில் மேலே பார்த்தபடி நான்கு மோட்டார்கள், மூக்கில் முன்னே இழுக்க ஒன்று. மேலே பார்க்கும் நான்கையும் அவற்றின் புரொப்பல்லர், குழாய், வயர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை எல்லாவற்றோடும் தராசில் வைத்தால் 1.1 கிலோ வரும். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஒன்றேகால் மணி நேரம் பறந்தால் அதில் இவை வேலை செய்வது ஏறும்போதும் இறங்கும்போதும் சேர்த்து இரண்டு நிமிடம். மீதி நேரம் எடை மட்டும் இல்லை, இடைஞ்சலும்கூட. நின்றுபோன புரொப்பல்லர் குழாயின் நீளவாக்கில் நிற்காமல் குறுக்கே நின்றுவிட்டால் காற்றைத் தடுத்துக்கொண்டே வரும்.

அப்படியானால் இறக்கையே வேண்டாம், நான்கு மோட்டாரோடு மல்டிகாப்டராகவே பறக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் டிரோன் காற்றில் நிற்க 750 வாட் கேட்கிறது. அதே எடை இறக்கையின் தயவில் நொடிக்கு 19 மீட்டர் வேகத்தில் போக 240 வாட் போதும். இறக்கை போகிற வழியில் கிடைக்கும் பெரும் காற்றை லேசாகக் கீழே தள்ளி எடையைத் தாங்குகிறது. புரொப்பல்லருக்கோ தன் வட்டத்துக்குள் அகப்படும் கொஞ்சக் காற்றுதான். அதை வேகமாகக் கீழே எறிந்தால்தான் அதே எடை நிற்கும். கொஞ்சக் காற்றை வேகமாக எறிவது எப்போதும் செலவு அதிகமான வழி. அதனால்தான் மல்டிகாப்டர் அரை மணி நேரத்தில் பேட்டரி மாற்ற வந்துவிடுகிறது.

சரி, வெறும் விமானமாகவே வைத்துக்கொண்டு கையால் வீசிப் பறக்கவிட்டு, வயிற்றால் தரையில் உரசி இறக்கலாமே? எங்கள் முதல் டிரோன் அப்படித்தான். கொங்குப் பக்கத்தில் அளவெடுக்கப் போகிற இடங்களை யோசித்துப் பாருங்கள். தென்னை, வாழை, கம்பி வேலி, கிணறு, மின்கம்பி. தடையில்லாத நூறு மீட்டர் தரை எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் உழுது போட்ட மண்கட்டி கேமராவின் அடிப்பக்கத்தை ஒரே மாதத்தில் தேய்த்துவிடும். ஒரு களத்தின் அளவுக்குள் ஏறி இறங்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கவும் வேண்டும். இந்த இரண்டு ஆசையும் சேர்ந்ததுதான் வீடால்.

திரும்பும் மோட்டார்

பெரியவருடைய கேள்விக்கு விடை தெரிந்ததுதான். மோட்டாரையே திருப்பிவிடுவது. ஏறும்போது மேலே பார்க்கட்டும், எழும்பியதும் முன்னால் சாய்ந்து அதே மோட்டார் விமானத்தை இழுக்கட்டும். டில்ட்ரோட்டர் என்பார்கள். எதுவும் சும்மா இருக்காது, சுமக்கப்படுவது எல்லாம் உழைக்கும். அந்த எண்ணத்தில் ஒரு அழகு இருந்தது, அந்த அழகு என்னைப் பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் அதில் போனது. முன்னால் திரும்பும் இரண்டு, வாலில் திரும்பாமல், போகும்போது சும்மா இருக்கும் ஒன்று மட்டும், ஆக மூன்று மோட்டார்.

கணினியில் வரைந்தபோது ஒரு கிலோ மிச்சம் என்று தெரிந்தது. கையில் வந்தபோது அறுநூறு கிராம்தான். திருப்புவதற்கு, சொன்ன கோணத்தில் திருப்பிப் பிடிக்கும் குட்டி மோட்டாரான சர்வோ, வலுவானதாக இரண்டு வேண்டும், கீல் வேண்டும், மோட்டாரின் இழுப்பையெல்லாம் அந்தக் கீல் வாங்குவதால் அது தடிமனாக வேண்டும், அதைப் பிடிக்கும் இறக்கையின் பகுதியும் கெட்டியாக வேண்டும். கீலில் ஒரு டிகிரி ஆட்டம் இருந்தாலும் டிரோன் ஒரே இடத்தில் நிற்கும்போது மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை அண்ணன் கீலின் அச்சு திரும்பும் துளைக்குப் பித்தளை புஷ் கடைந்து கொடுத்தார். நான்கு தடவை கடைந்தார். நான்காவது புஷ்ஷை என் கையில் வைத்து, “இதுக்கு மேல இறுக்கினா திரும்பாது, இதுக்கு மேல விட்டா ஆடும்” என்றார். அவர் சொன்ன அந்த மெல்லிய இடைவெளியில்தான் எங்கள் டிரோன் பறந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, நான் முதலிலேயே உணர்ந்திருக்க வேண்டியது. நிற்பதற்கு ஏற்ற புரொப்பல்லர் வேறு, போவதற்கு ஏற்றது வேறு. நிற்பதற்குப் பெரிய வட்டமும் இதழில் குறைந்த முறுக்கும் வேண்டும், வேகமாகப் போவதற்கு நல்ல முறுக்கு வேண்டும். ஒரே புரொப்பல்லர் இரண்டையும் செய்தால் இரண்டிலும் அரைகுறைதான். எல்லாம் சேர்ந்து கடைசியில் எங்களுக்குக் கிடைத்த லாபம் ஏழு நிமிடப் பறத்தல். ஆனி மாதம் ஒரு காலையில், திரும்பி வந்து இறங்கத் தொடங்கும் நேரத்தில், வலது மோட்டார் மேலே திரும்பியது, இடது மோட்டார் பாதியில் நின்றது. அதிர்வில் ஒரு சின்ன திருகு கழன்றிருக்கிறது. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து சுழன்றபடியே விழுந்தது. விழுந்த இடம் தரிசு, பக்கத்தில் யாரும் இல்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆடி இரண்டாம் வாரம்

ஒப்புக்கொண்ட அளவெடுப்பு வேலை ஒன்று குடிமங்கலம் பக்கம் இருந்தது, தள்ளிப்போட முடியாது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த பழைய குவாட்பிளேனைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனோம். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் நேர்வழி அது. காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பது சும்மா இல்லை. அன்றைக்குக் கையில் பிடித்த காற்றுமானி நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் காட்டியது. பறக்கலாம் என்று நாங்கள் வைத்திருந்த எல்லை பத்து. பறக்கவிட்டேன்.

ஏறியது, மாறியது, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வரிசை வரிசையாகப் போய் வந்தது. எந்தக் குறையும் இல்லை. திரும்பி வந்து, வேகத்தைக் குறைத்து, நான்கு மோட்டார்களும் விழித்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே கொஞ்சம் தள்ளி நின்றது. இறங்கத் தொடங்கியது. இருபத்தைந்து மீட்டர் உயரத்தில் அதன் மூக்கு கீழே சாய்வதைப் பார்த்தேன். காற்று பின்னால் தள்ளுகிறது, நின்ற இடத்திலேயே நிற்க அது முன்னால் சாய்ந்து எதிர்க்கிறது, மல்டிகாப்டர் எல்லாம் செய்வதுதானே என்று நினைத்தேன். ஆனால் மோட்டார் சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான்கும் தொண்டை கிழியக் கத்தின. இவ்வளவு கத்தினால் மேலேயல்லவா போக வேண்டும்? அது இறங்கியது. நாங்கள் சொன்ன வேகத்தைவிட வேகமாக இறங்கியது. கடைசி மூன்று மீட்டரை விழுந்தது என்றே சொல்ல வேண்டும். பின்கால் முறிந்தது, ஒரு குழாயில் கீறல். என்னோடு இருந்த பையன் ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே ஒரு டிரோன் கீழே வருவதை அதுவரை நான் பார்த்ததில்லை.

அன்று இரவு விடுதி அறையில் டிரோனின் பறத்தல் பதிவைத் திறந்தேன். இறங்கும்போது மூக்கு பன்னிரண்டு டிகிரி கீழே. நான்கு மோட்டாருக்கும் கட்டளை நூறு சதவீதம். பேட்டரி 19.8 வோல்ட். இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூக்கு சாய்ந்தால் இறக்கையும் சேர்ந்து சாய்கிறது. மல்டிகாப்டருக்கு இறக்கை இல்லை, அது எவ்வளவு சாய்ந்தாலும் காற்றுக்கு அதைப் பிடித்து அழுத்த இடம் இல்லை. எங்களுடையதற்கு 2.1 மீட்டர் இறக்கை. எதிரே வரும் காற்று அதன் முதுகில் பட்டுக் கீழே அழுத்துகிறது. கணக்குப் போட்டால் டிரோன் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்தம் வந்தது. ஒரு மணி நேரம் அதைத் தூக்கிச் சுமந்த அதே இறக்கை, இறங்கும் நேரத்தில் அதன் தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

மோட்டார்களுக்கு அதைத் தாங்கும் தெம்பு இருந்திருக்க வேண்டும். மேசைச் சோதனையில் நான்கும் சேர்ந்து டிரோன் எடையைப் போல 1.6 மடங்கு தூக்கின. ஆனால் அந்தச் சோதனை நிறைந்த பேட்டரியில், 25.2 வோல்ட்டில் நடந்தது. தூக்கும் விசை ஏறக்குறைய வோல்ட்டின் இருமடியைப் பின்பற்றும். 19.8-ஐ 25.2-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.62. அதை 1.6-ஆல் பெருக்கினால் 0.99. டிரோன் தன் எடையையே அப்போது முழுதாகத் தாங்கவில்லை, அதன்மேல் இறக்கை வேறு அழுத்துகிறது. கத்திக்கொண்டே கீழே வந்ததற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

வோல்ட் அவ்வளவு இறங்கியதற்கும் காரணம் நான்தான். நெடுநேரம் பறக்க வேண்டும் என்று லிப்போ பேட்டரியை விட்டுவிட்டு லித்தியம் அயான் உருளைகளுக்கு மாறியிருந்தேன். முப்பது உருளைகள், ஆறு தொடர், ஐந்து இணை. அதே எடைக்கு அதிக சக்தி வைத்திருக்கும், ஆனால் அவசரத்துக்கு அள்ளிக்கொடுக்கத் தெரியாது. நிதானமாகக் கேட்டால் நாள் முழுதும் கொடுக்கும், திடீரென்று நாற்பத்தைந்து ஆம்பியர் கேட்டால் வோல்ட் சரியும். அதுவும் பேட்டரி தீரும் தறுவாயில். பறத்தலிலேயே அதிகமான சக்தி தேவைப்படும் நிமிடம் எப்போது வருகிறது? பேட்டரி மிகவும் களைத்திருக்கும் கடைசி நிமிடம். நான் இந்த டிரோனை வடிவமைத்த வரிசையை அன்று இரவுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பறப்பதை முதலில் கணக்கிட்டேன், ஏறுவதை அடுத்து. ஏறத் தெரிந்தது இறங்கவும் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மூக்கை நிமிர்த்துவது

விடை டிரோனைத் தானாக ஓட்டும் எங்கள் ஆட்டோபைலட்டிலேயே இருந்தது. நாங்கள் பயன்படுத்துவது ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருள். உலகம் முழுதும் பலர் சேர்ந்து எழுதுவது. அதன் விமானப் பிரிவை நெடுங்காலமாக முன்னின்று வளர்ப்பவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். அதில் ஒரு அமைப்பு உண்டு: டிரோன் ஒரே இடத்தில் நிற்கும்போது காற்றை எதிர்க்க மூக்கைச் சாய்க்காமல், முன்மோட்டாரை மெல்லச் சுற்றவிட்டு எதிர்ப்பது. நாங்களாகப் போய் இயக்கினால்தான் அது வேலை செய்யும். இதை நான் முன்பே படித்திருக்கிறேன், நமக்கெதற்கு என்று தாண்டிப் போயிருக்கிறேன். யாரோ ஒருவர் இதே இறங்கலைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரிகளை எழுதியிருப்பார் என்று இப்போது நம்புகிறேன்.

மூக்கைக் காற்று வரும் திசைக்குத் தானாகத் திருப்பிக்கொள்ளும் அமைப்பையும் சேர்த்து இயக்கினோம். பேட்டரி இவ்வளவுக்குக் கீழே போகுமுன் திரும்பிவிட வேண்டும் என்ற எல்லையை உயர்த்தினோம். பறக்கும் நேரத்தில் ஒன்பது நிமிடம் போனது, திருப்பும் மோட்டாருக்காக எட்டு மாதம் பாடுபட்டுப் பெற்றதைவிட அதிகம். தயங்காமல் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, அதே போன்ற காற்றில், மறுபடி இறக்கினோம். மூக்கு மட்டமாக நின்றது. மோட்டார் சத்தம் தாழ்வாக, சீராக வந்தது. பதிவில் பார்த்தபோது ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காற்றே இல்லாத நாளில் நிற்பதைவிடக் குறைவான மின்சாரத்தில் அது நின்றிருக்கிறது. மூக்கு மட்டமாக இருந்ததால் இறக்கை எதிர்க்காற்றைச் சரியான கோணத்தில் வாங்கி, எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே தாங்கியிருக்கிறது. அழுத்திய கை தாங்கும் கையாகிவிட்டது. சாய்ந்து நிற்பதற்கும் மட்டமாக நிற்பதற்கும் மின்செலவில் 1.7 மடங்கு வித்தியாசம்.

நான் அந்த டிரோனை இரண்டு இயந்திரங்களாகப் பார்த்து வந்திருக்கிறேன். ஏற்றி இறக்க ஒரு மல்டிகாப்டர், பறக்க ஒரு விமானம், இரண்டையும் ஒரே உடலில் கட்டிவைத்த சமரசம். ஒன்று உழைக்கும்போது மற்றது பாரம். ஆனால் காற்றில் இறங்கும் அந்த நாற்பது நொடியில் ஐந்து மோட்டாரும் இறக்கையும் வாலும் எல்லாமே சேர்ந்து உழைக்கின்றன. எதையும் கழற்ற முடியாது.

பழைய கதைகளும் இப்போது எனக்கு வேறு மாதிரிப் படுகின்றன. 1954-ல் அமெரிக்கக் கடற்படைக்காக கான்வேர் நிறுவனம் போகோ என்ற விமானத்தைச் செய்தது. வாலை ஊன்றி நெட்டுக்குத்தாக நிற்கும். ஸ்கீட்ஸ் கோல்மன் என்ற விமானி அந்த நவம்பர் 2-ம் தேதி நேராக எழும்பி, படுக்கையாகப் பறந்து, மறுபடி நேராகத் தரையிறங்கிக் காட்டினார். பெரிய சாதனைதான். ஆனால் இறங்கும்போது அவர் மல்லாந்து கிடந்தபடி தோளுக்கு மேலே திரும்பித் தரையைப் பார்க்க வேண்டும். ஆடும் கப்பல் தளத்தில் சாதாரண விமானி இதைச் செய்ய முடியாது, திட்டம் நின்றுபோனது. அறுபது ஆண்டு கழித்து, டிரோனில் பொட்டலம் கொண்டுசேர்க்கும் கூகுளின் விங் திட்டத்தார் 2014-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சோதித்ததும் வாலை ஊன்றும் வகைதான். அடுத்த ஆண்டே அதை விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அவர்கள் டிரோனில் மேலே பார்க்கும் சின்ன மோட்டார்கள் வரிசையாக இருக்கின்றன, போகும்போது அவை சும்மாதான் இருக்கும். பொட்டலம் கொடுக்கும் வீட்டில் அது இறங்குவதும் இல்லை, உயரத்திலேயே நின்று கயிற்றில் இறக்கிவிட்டுப் போய்விடும். இதைப் படித்தபோது முன்பு எனக்கு அது அழகு குறைந்த வடிவமாகத் தோன்றியது. இப்போது அந்த வடிவத்தைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது.

மறுபடி அதே களம்

ஆடி கடைசியில் உடுமலைத் தோப்புக்குப் போனோம். வரப்பு விவரம் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. பெரியவர் இருந்தார். காற்றுக்குத் தலைத்துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார், தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து அலறிக்கொண்டிருந்தன. டிரோன் போய்விட்டுத் திரும்பி வந்து களத்துக்கு மேலே நின்றது. மெதுவாக மூக்கை மேற்கே திருப்பிக்கொண்டது. இறங்கியது.

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “போனவாட்டி எறங்கறப்ப முன்னாடி இருக்கறது நின்னு போயிருந்துச்சே. இப்ப அதும் சுத்துது?” என்றார்.

அவருடைய துண்டின் நுனியை வாங்கி, காற்றில் ஒரு பக்கம் தாழ்த்திப் பிடித்துக் காட்டினேன், அது சரேலென்று கீழே அடித்துக்கொண்டது. மட்டமாகப் பிடித்தேன், தானே எழும்பி நின்றது. “இப்படி மட்டமா நிக்கோணும்னா, முன்னால இருந்து ஒண்ணு இழுத்துப் பிடிக்கோணுமுங்க” என்றேன். அவர் துண்டைத் திரும்ப வாங்கி, தானே இரண்டு தடவை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்தார். மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, “அடுத்தவாட்டி வர்றப்ப சொல்லீட்டு வா தம்பி, களத்துல மட்டையப் போடாம வெக்கறேன்” என்று சொல்லிவிட்டு, மோட்டாரைப் போடக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.